போடிமெட்டுக்கு மேலே ஒரு பூங்கா, அவர் காலுக்கு ஒரு ஜோடி ஷூ

மகள் நிலா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் வகுப்பில் பாதிப் பேர் மலைமேல் இருக்கும் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய் வந்துவிட்டார்கள். கண்ணாடிப் பாலம், ராட்டினம், கம்பியில் தொங்கிக்கொண்டு போவது என்று தினமும் ஒரு கதை. அரையாண்டு விடுமுறையில் கூட்டிப்போகிறேன் என்று அவள் அப்பா என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு வியாழக்கிழமை போனோம். பூங்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையோ நிறையோ, அவர்களுக்கு நான் விளம்பரம் செய்வதாக யாரும் நினைக்கக் கூடாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேகம் அதிகம். போடிக்கு வெளியே ஒரு எடை மேடையில் வேலை பார்க்கிறேன். லாரியை மேடையில் ஏற்றிவிட்டு டிரைவர் இறங்கினாரா, கிளீனர் பின்னால் தொங்குகிறாரா, டேங்கில் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்தே பத்து வருஷம் போய்விட்டது. வீட்டுக்காரர் என்னைப் போலீஸ்காரி என்பார். அவர் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் மேற்பார்வை. எட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. போன வருஷம் செருப்பில் துருத்திய ஆணி காலில் குத்தி, அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. இன்னொரு புண் வந்தால் விரலை எடுக்க வேண்டிவரலாம் என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டில் பூங்காப் பயணம் என்பது டிக்கெட் விஷயம் இல்லை, ஷூ விஷயம்.

பூங்காவில் எவ்வளவு நடக்க வேண்டும் என்று முதலில் தேடினேன். அவர்கள் இணையப் பக்கத்தில் 'எளிய நடைபாதை, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர்' என்று போட்டிருந்தது. நம்பவில்லை. போய் வந்த அம்மாக்களிடம் கேட்டேன். ஒருத்தி ஐந்து என்றாள், இன்னொருத்தி அன்று இரவு தூங்கவே இல்லை என்றாள். வரிசையில் நிற்கும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நடப்பதைவிட நிற்பதுதான் காலைக் கெடுக்கும் என்பது எடை மேடையில் நிற்கிற எனக்குத் தெரியும்.

ஷூ வாங்கத் தேனிக்குப் போனோம், சாயங்காலம் ஐந்து மணிக்குமேல். பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அப்போது அளவு பார்த்தால்தான் சரியாக இருக்கும். கடைக்காரப் பையன் முதல் ஜோடியைக் கொண்டுவந்து வைத்ததுமே, "போட்டதே தெரியாது மேடம், அவ்ளோ லேசு" என்றான். விலைச்சீட்டின் மேல் இன்னொரு விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அடியிலும் அதே விலைதான். அது இன்னும் சந்தேகமாக இருந்தது. ஷூவை வளைத்துப் பார்த்தேன், குதிகாலை அழுத்திப் பார்த்தேன். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஐந்தாவது ஜோடி 1,899 ரூபாய். அடி கெட்டி, முன்பக்கம் அகலம், உள்ளே தையல் உறுத்தவில்லை.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு."

உப்பில்லாத ரசத்துக்கும் அவர் இதைத்தான் சொல்வார். அதனால் அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் குரங்கணிக்குக் கூட்டிப்போய் நடக்க வைத்தேன். ஊரில் பலபேர் புது ஷூவைப் பெட்டியோடு பத்திரப்படுத்திப் பயணத்தன்று காலையில்தான் பிரிப்பார்கள். அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம். குரங்கணியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டத்து ஓரமாக ஏறும் கல் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டேன்.

"வலிக்குதா?"

"இல்ல அரசி."

"குதிகால்ல?"

"இல்லங்கிறேன்ல. நீ பாத்து நட, பாசி வழுக்குது."

இரண்டாவது ஞாயிறு ஓடைத் தண்ணீரில் கால் வைத்துவிட்டார். ஷூ முழுக்க நனைந்து, வீட்டுக்கு வந்தபின் வாடை தாங்க முடியவில்லை. கழுவி வெயிலில் வைத்தேன். வியாழக்கிழமைக்குள் காய்ந்துவிட்டது. ஷூ தேறிவிட்டது என்றே நானும் முடிவு செய்தேன்.

காலை ஆறரை மணிக்கு ஜீப் வந்தது. போக வர 4,500 ரூபாய், காத்திருப்பதும் சேர்த்து. டிரைவர் ஈஸ்வரன் என்பவர், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் பழகியவர், முக்கால் தமிழும் கால் மலையாளமுமாகப் பேசினார். போடியிலிருந்து போடிமெட்டு இருபத்தேழு கிலோமீட்டர் சொச்சம். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வருபவர்கள் வெறும் வயிற்றில் போக வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

"அங்க நடை ரொம்ப இருக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"பேடிக்க வேண்டாம்க்கா, பயமே வேணாம். சும்மா வீட்டுக்குள்ள நடக்கிறாப்லதான். டாப்பா டைல்ஸ் போட்டுருக்கான்."

"நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

"நா எதுக்குக்கா போறேன்? வண்டியிலயே தூங்கிருவேன்."

போடிமெட்டில் மூன்று டீக்கடை காலியாக இருக்க, நான்காவது கடையில்தான் வண்டியை நிறுத்தினார். கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன். டீ என்னவோ நன்றாகத்தான் இருந்தது, அதற்காகச் சந்தேகத்தை விடமுடியாது. பூப்பாறை தாண்டி, ஏலத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி, ஒன்பது மணிக்குப் பூங்கா வாசலில் இறங்கினோம். பெரியவர்களுக்கு 600, நிலாவுக்கு 450. நீர் விளையாட்டுக்குத் தனி சாக்ஸ் கட்டாயம், அதை அங்கேதான் வாங்க வேண்டுமாம். நாங்கள் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை என்று சொல்லித் தப்பித்தேன்.

டைல்ஸ் வாசலில் மட்டும்தான். உள்ளே மலைச் சரிவை வெட்டி வெட்டிப் படி கட்டியிருக்கிறார்கள். ராட்டினத்துக்கு இறக்கம், அங்கிருந்து ஊஞ்சலுக்கு ஏற்றம், சாப்பாட்டுக்கு மறுபடி இறக்கம். மதியத்துக்குள் நான் போட்டிருந்த வார்ச் செருப்பு என் சுண்டுவிரலைத் தேய்த்துவிட்டது. நிலாவின் ஷூ ஒரு அளவு பெரிது, வளர்கிற பிள்ளை என்று போன வருஷம் வாங்கியது, குதிகால் கழன்று கழன்று வந்தது. சாக்ஸுக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துச் சமாளித்தேன். எங்கள் மூன்று பேரில் சர்க்கரைக்காரர்தான் சிரமமே இல்லாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு நன்றாக ஒரு மனிதர் நடக்க முடியாது. நாங்கள் இருவரும் நொண்டுகிறோம், இவர் படியில் விசிலடித்துக்கொண்டு ஏறுகிறார். மகள் ஆசைப்பட்டாளே என்று வலியை மறைக்கிறார் என்று தோன்றிவிட்டது. இதற்குமுன் மறைத்ததில்லையா? ஆணி குத்தியதையே நான்கு நாள் கழித்துத்தான் நான் கண்டுபிடித்தேன். அதன்பின் பூங்காவை நான் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தேன். படியில் கால் வைக்கும்போது உதடு சுளிக்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறாரா என்று கவனித்தேன். ஒன்றும் இல்லை. நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. வலிக்குதுதான?"

"ஆத்தா, விடு தாயி. கால்ல ஒண்ணுமே இல்ல. நீ வேணா ஷூவ மாத்திக்கிறியா?"

இரண்டு மணிக்குக் கண்ணாடிப் பாலம். ஷூ, செருப்பு எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். சாக்ஸ் வழுக்கும் என்று அதையும் கழற்றச் சொன்னார்கள். நிலா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள், நான் பின்னால். கண்ணாடிக்குக் கீழே பள்ளம், ஏலத் தோட்டம், மஞ்சு மூட்டம். எல்லோரும் கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் கீழே பார்த்தேன். அவர் வலது கால் வைத்த இடமெல்லாம் கண்ணாடியில் ஒரு சிவந்த ஈரம் பதிந்திருந்தது.

"நில்லுங்க" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். "சாக்ஸ் சாயம்டி."

சாக்ஸ் கறுப்பு. அவரை இழுத்துவந்து பெஞ்சில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் உள்ளங்கால் மேட்டில் கொப்புளம் கட்டி உடைந்து, தோல் பிய்ந்து தொங்கியது. கோபம்தான் முதலில் வந்தது.

"எத்தன தடவ கேட்டேன்? எதுக்குங்க மறச்சீங்க?"

"மறைக்கல அரசி."

"இது வலிக்காமயா இருக்கும்?"

"சத்தியமாச் சொல்றேன், வலிக்கல. இப்பவும் வலிக்கல." அவர் தன் காலை வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஷூவை எடுத்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், உள்ளே ஏதோ ஆணியோ தையலோ இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கையை உள்ளே விட்டுத் தடவினேன். தண்ணீரில் ஊறியதில் உள்அட்டையின் முனை லேசாக எழும்பியிருந்தது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று நெருடியது. நெம்பி எடுத்தேன். ஒரு ஏலக்காய், காம்போடு.

போடிக்காரர்களுக்கு இது உடனே புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரம் பிரிக்கும்போது கழியும் வெடித்த காயை இங்கே யாரும் வீணாக்குவதில்லை. துணி அலமாரியில் போடுவார்கள், தலையணையில் போடுவார்கள், வாடையடிக்கும் ஷூவில் ஒரு கைப்பிடி போட்டு ராத்திரி வைப்பார்கள். காலையில் கொட்டிவிட்டால் ஷூ மணக்கும். ஓடைத் தண்ணீர் வாடை போகட்டும் என்று அவரும் புதன்கிழமை ராத்திரி போட்டிருக்கிறார். காலையில் கொட்டியுமிருக்கிறார். ஒரு காய் மட்டும் அட்டைக்கு அடியில் போய்விட்டது. காய்ந்த காயும் காம்பும் கல் மாதிரிதான். என் காலில் அது பத்தடி தாங்காது, நான் கத்தியிருப்பேன். அவர் அதன்மேல் ஐந்து மணி நேரம் நடந்திருக்கிறார்.

முதலுதவி அறையில் கழுவிக் கட்டுப் போட்டார்கள். மருந்தின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் தடவ விட்டேன். சக்கர நாற்காலி காசில்லாமல் தந்தார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவர் ஏற மறுத்தார். "நா தள்றேம்ப்பா, ஏறுங்க" என்று நிலா சொன்னதும் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஈஸ்வரன் அண்ணன் காலில் போட்ட கட்டைப் பார்த்தவர், "வெரசா ஏறுங்கக்கா" என்றதோடு சரி. வழியில் எந்த டீக்கடையிலும் நிற்கவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் போனோம். புண்ணைப் பார்த்த பிறகு, மெல்லிய நைலான் இழை போல ஒன்றை எடுத்தார். "கண்ண மூடிக்கங்க. இதால ஒங்க கால்ல தொடுவேன். தொடும்போது ஆமான்னு சொல்லுங்க" என்றார். உள்ளங்காலில் ஒரு இடத்தில் இழை வளையும்வரை அழுத்தினார். வீட்டுக்காரர் பேசவில்லை. இன்னொரு இடம். பேசவில்லை. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு என்னவோ எழுதத் தொடங்கினார். அப்போது அவர், கண்ணை மூடியபடியே, "ஆமா" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "ஆமா."

யாருமே அவர் காலைத் தொடவில்லை.

வெளியே வந்ததும், "கடைசியில கரெக்டா சொல்லிட்டேன்ல?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் என்னிடம் பொய் சொல்கிறார் என்றே நான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன். அவரிடம்தான் அவர் கால் எதையும் சொல்லாமல் இருந்திருக்கிறது. அதை நினைத்து அன்று அடுப்படியில் அழுதேன்.

இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். பூங்காவுக்கு ஷூ என்றால் சாயங்காலம் வாங்குங்கள், குறைந்தது இரண்டு வாரம் போட்டுப் பழகுங்கள். பிள்ளைகளுக்கு வளர்வதற்கென்று பெரிதாக வாங்காதீர்கள். பையில் இன்னொரு ஜோடி சாக்ஸ் இருக்கட்டும். சர்க்கரை உள்ளவர் கூட வந்தால், சௌகரியமாக இருக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டு ஷூ வாங்காதீர்கள். கால் மரத்துப்போனவர்களுக்கு அந்தக் கேள்வியே உதவாது. போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையைவிட்டு, அட்டைக்கு அடியிலும் தடவிப் பாருங்கள். மணிக்கு ஒருமுறை உட்காரவைத்து, ஷூவைக் கழற்றிக் காலைக் கண்ணால் பாருங்கள். கால் உணர்வைச் சோதிக்க டாக்டரிடம் பத்து நிமிஷம்கூட ஆகாது. பயணத்துக்கு முன்னால் அதைச் செய்துகொள்ளுங்கள், நாங்கள் பின்னால் செய்தோம். புண் ஆற ஐந்து வாரம் ஆனது. விரல் தப்பியது.

இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் காலை என் மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். முதலில் கூச்சப்பட்டார், இப்போது டிவி பார்த்துக்கொண்டே நீட்டுகிறார். போன வாரம் பெருவிரலுக்கு அடியில் விரலை வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டேன். சும்மா ஆமாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

டிவியிலிருந்து கண்ணை எடுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"தெரியல அரசி" என்றார்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில், அவர் சொன்ன ஒன்றை மறுகேள்வி கேட்காமல் நான் நம்பியது அன்றைக்குத்தான்.