வெள்ளையன் மாமாவும் அந்தக் காய்ச்சலும்

வெள்ளையன் மாமா இறந்துவிட்டார். இன்று காலை, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, ஐ.சி.யு.வில்.

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர். தீப்பெட்டி, மிளகாய்த்தூள், காய்ச்சல் மாத்திரை எல்லாம் ஒரே தட்டில் இருக்கும் கடை.

குடல் கேன்சர். ஆபரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் கேன்சரால் சாகவில்லை... அதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

"நம்ம மலை ஆளுங்க நாலு பேரு படிக்கட்டும், எழுது மாப்ள" என்று அவர் மகன் குமார்தான் சொன்னான். எழுதத் தெம்பில்லை. இருந்தாலும்.

நான் ஃபார்மசிஸ்ட். கீமோ மருந்தைக் கலப்பதும், அது உடம்பை என்ன செய்யும் என்று நோயாளிகளுக்குச் சொல்வதும் என் வேலை. ஒரே விஷயத்தைத் தினமும் சொல்லி வாய் புளித்துவிட்டது. மாமாவுக்கும் சொன்னேன்.

அவருக்கு ஏற்றியது ஆக்ஸாலிபிளாட்டின். அதற்குக் குளிர் ஆகாது. ஏற்றிய பிறகு சில நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கக் கூடாது, ஜில்லென்ற எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. தொட்டால் ஊசி குத்தும். குடித்தால் தொண்டை அடைத்த மாதிரி இருக்கும். பயமாக இருக்குமே தவிர, சூடாக இருந்தால் விட்டுவிடும். நிஜமாகவே மூச்சு வாங்கினால் அது வேறு, உடனே வர வேண்டும்.

"மார்கழியில நம்ம ஊர்ல ஜில்லுனு இல்லாதது எது சாமி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

முதல் தடவை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போன மறுநாள் காலையில் போன்.

"சாமி, கடை ஷட்டர்ல கரண்ட் அடிக்குது. வயர்மேன வரச் சொல்லியிருக்கறேன்."

"கரண்ட் இல்ல மாமா, மருந்து. கையுறை போட்டுட்டுத் தூக்குங்க."

"அட போ கண்ணு. அவரு வந்து பார்க்கட்டும்."

வயர்மேன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்து, வெறுங்கையால் ஷட்டரைத் தூக்கிக் காட்டினாராம். "உங்களுக்கு மட்டும் அடிக்கிற கரண்டுக்கு எங்க ஆபீஸ்ல ஃபியூஸ் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, கடையில் டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்கப்புறம் மாமா கையுறை போட்டார். வயர்மேன் சொன்னால் கேட்பார். நான் சொன்னால் கேட்க மாட்டார்.

டிரிப் ஏறும்போது பேச்சு நிற்காது. மலைக்கு ரோடு வராத காலம், அவர் சின்னப் பையன். அவர் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து, மூங்கிலில் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். பாதி இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாறைக்கடியில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

"அப்புறம்?" என்றார் நர்ஸ்.

"அப்புறம் ஆசுபத்திரிக்கு வேலையில்லாம போச்சும்மா. திருப்பி மேலயே தூக்கிட்டு வந்துட்டாங்க."

சொல்லிவிட்டு, டீ வருமா என்று கேட்டார்.

ஒவ்வொரு தடவையும் நான் கடைசியாகச் சொல்வது காய்ச்சல். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரம் கிருமி புகுந்தால் தடுக்க உடம்பில் ஆள் இல்லை. தெர்மாமீட்டர் நூறைத் தாண்டினால் எந்த நேரமானாலும் போன் பண்ண வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். எங்களைக் கேட்காமல் காய்ச்சல் மாத்திரை போடக் கூடாது. சூடு இறங்கிவிடும்... கிருமி அப்படியே இருக்கும்.

தலையாட்டினார்.

போன வாரம் ஊரில் மாரியம்மன் நோம்பி, திருவிழா. கையில் காப்பு கட்டியவர்களில் மாமாவும் ஒருவர். கட்டினால், நோம்பி முடிந்து அவிழ்க்கும் வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவுக்குக் குளிர் நடுக்கம் என்று குமார் போன் செய்தான். மாமாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"காச்சலா மாமா?"

"இருந்துச்சு. நம்ம கடை மாத்திர போட்டேன், வேர்த்து உட்டுருச்சு."

"உள்ள அப்படியேதான் இருக்கும். இப்பவே இறங்கி வாங்க."

"காப்பு கட்டியிருக்குது சாமி."

"அவுத்துட்டு வாங்க."



"நீ படிச்ச பையன், சொல்லுவ. உம்மேல தப்பில்ல."

பூசாரிக்கே போன் போட்டேன். "உசுருக்கு ஆபத்துன்னா அவுக்கலாமுங்க தம்பி. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா" என்றார். "ஆனா போன வருசம் காப்போட மக ஊட்டுக்குப் போனவன ஊர் முன்னாடி நிக்க வெச்சுப் பேசுனது இவருதானுங்க. இப்ப எப்படி இறங்குவாரு?"

அன்று பேச்சு வாங்கிய அந்த ஆளே கடைக்குப் போய், "நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், போயிட்டு வாங்க" என்று கெஞ்சியிருக்கிறார். மாமா அதுவரைக்கும் யோசித்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம்தான் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார்.

ஆம்புலன்ஸ் அனுப்பினேன். கடை வாசலில் நின்றுவிட்டுக் காலியாகத் திரும்பி வந்தது.

நோம்பி முடிந்த பிறகு குமார் காரில் கொண்டுவந்தான். பி.பி. இறங்கிக் கிடந்தது. நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். மாமா மஞ்சள் கறையோடு மணிக்கட்டை நீட்டினார்.

"அவுத்தாச்சு சாமி. இனி எங்க வேணாலும் குத்திக்க."

ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். எல்லாம் ஏற்றினார்கள்.

சாயங்காலம் ஊரில் எடுக்கிறார்கள். எனக்கு டியூட்டி, மருந்துக்கு ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வர முடியாது.

கோபம் இன்னும் போகல மாமா.

போயிட்டு வாங்க.