‘உது’ என்று ஒரு சொல்

பள்ளிக்கூட வேலையை ஏன் விட்டேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் முழங்காலைக் காட்டினேன். ஊர்காவற்றுறையில் என் வீட்டிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, பஸ் பிடித்து, பிறகு படகேறி, பதினொரு வருடம் நெடுந்தீவுக்குப் போய்வந்தவள் நான். அந்தப் படகில் ஏறி இறங்கினவர்கள் மேற்கொண்டு கேள்வி கேட்கவில்லை. பாவம், ரீச்சருக்கு ஏலாமல் போய்விட்டது என்றார்கள். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை. நான் சொன்னது பச்சைப் பொய்.

கனடாவிலிருக்கும் தம்பி, அங்கத்தைப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கச் சொல்லி நச்சரிக்கிறான். சும்மா இருந்தால் விசர் பிடிக்குமாம். பிடிக்கட்டும். இன்னொரு பிள்ளையின் முன்னால் போய் இருக்க எனக்கு முகமில்லை.

என் பாடம் தமிழ். அதோடு மாணவர் ஒழுக்கத்தையும் என் தலையில் கட்டிவிட்டிருந்தார்கள். என் முறை பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிரம்பு எடுக்கமாட்டேன். பிழை செய்த பிள்ளையை இருத்தி ஒரு தாளைக் கொடுப்பேன். என்ன நடந்தது, எனக்குள் என்ன வந்தது, இனி என்ன செய்யப்போகிறேன் என்று எழுதவேண்டும். எழுதி முடியும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். என்னுடைய வாய்க்கு அது பெரிய தண்டனை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ‘உது’ என்றொரு சொல் உண்டு. இதுவுமில்லை, அதுவுமில்லை, கேட்கிறவருக்குப் பக்கத்தில் கிடக்கும் பொருளைச் சொல்வது. உந்தக் கதிரை, உந்த வாளி. குழப்படிக்காரப் பிள்ளைகளையும் ஆசிரியர் அறையில் அப்படித்தான் சொல்வார்கள். உது இன்றைக்கும் வந்துவிட்டதோ என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் காது கேட்க ஒரு பிள்ளையை உது என்று சொல்லக்கூடாது என்று சண்டை பிடித்தேன். பின்னால் சிரித்திருப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

பதினோராம் தரத்தில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டார். தாய் கருவாடு போட்டு விற்பவர். தகப்பனைப் பற்றி யாராவது வாயெடுத்தால் இவளுக்குக் கை நீளும். இனி ஒரு முறைப்பாடு வந்தால் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க முடியாது என்று அதிபர் சொல்லிவிட்டார். சாதாரணதரப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. அதை மட்டும் எழுதிவிட்டால் அவளுக்கு ஒரு வழி பிறக்கும் என்று நான் பொறுப்பெடுத்தேன். ஏழெட்டுத் தாள் எழுதினாள். பிறகு இரண்டு மாதம் ஒரு சண்டையுமில்லை. எனக்கு உள்ளுக்குள் சரியான பெருமை, மறைப்பானேன்.

அன்று கடல் மோசம். படகில் சத்தியெடுத்து, தலையிடியோடு போய்ச் சேர்ந்தால், வாசலிலேயே செய்தி காத்திருந்தது. இவள் ஒருத்தியின் பின்னலைப் பிடித்து இழுத்து விழுத்திவிட்டாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நேரே அதிபரின் அறைக்குப் போனேன். என்ன செய்வது என்று அவர் கேட்டார்.

“உது திருந்தாது சேர்,” என்றேன்.

அதிபரின் பார்வை எனக்குப் பின்னால் போனது. திரும்பினேன். கதவடியில் அவள் ஒரு தாளோடு நின்றாள். யாரும் சொல்லாமல் தானாகவே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். “அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இனி அப்பாவைப் பற்றி யாரும் கதைத்தால் ரீச்சரிடம் வந்து சொல்வேன்” என்று முடித்திருந்தாள்.

அதிபர் வாசித்துவிட்டு, பிள்ளையை வைத்திருப்போம் என்றார். யாரை வைத்திருப்பது? அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நாலாம் நாள் வீடு தேடிப் போனேன். முற்றத்தில் தாயோடு இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் படிப்பில் மனமில்லை, வவுனியாவில் சின்னம்மாவின் தையற்கடைக்கு அனுப்பப்போகிறேன் என்றார் தாய். நான் கெஞ்சினேன். கடல், தலையிடி, அது இது என்று என்னென்னவோ சொன்னேன். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வரவில்லை. எத்தனை பிள்ளைகளுக்கு அதை எழுதப் பழக்கினவள், எனக்கு வரவில்லை.

அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். கோபம் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் நின்று, மரியாதையாகவே சொன்னாள்.

“எல்லாரும் என்னை உதெண்டுதான் சொல்லுறவை ரீச்சர். நீங்கள் ஒராள்தான் சொல்லேல்லை. நீங்களும் சொன்னாப் பிறகு, அது உண்மையாக்கும் எண்டு விட்டிட்டன்.”