டப்பாவில் வந்த மட்டித் தண்ணீர்

ரத்த அழுத்தம் குறையுமென்ற விளம்பரத்தை நம்பி, சிப்பிப் புரதத்திலிருந்து எடுத்த பெப்டைடு பொடியை வாங்கிவிட்டேன். படித்தவன் ஏமாறும் அழகே தனி. வெந்நீரில் கரைத்ததும் எழுந்த வாசனை, என்னை ஏரல் ஊரில் நான் வளர்ந்த வீட்டு அடுக்களையில் நிறுத்தியது.

கடற்கரையில் பிறந்த அம்மா மட்டிச் சிப்பியை அவிப்பாள். வாழைத் தோட்டக்காரரான அப்பா, "அந்தத் தண்ணிய சாக்கடையில ஊத்து" என்பார்.

"சத்து பூரா அதுலதான கெடக்கு!" என்று அம்மா சட்டியை எடுக்கவிடாமல் மறிப்பாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்தியபடி அப்பா கட்சி. அவள் தனியாக நல்லமிளகு தட்டிப் போட்டுக் குடிப்பாள்.

இப்போது பாளையங்கோட்டையில் என்னோடிருக்கும் இருவருக்கும் டப்பாவில் அச்சிட்டிருந்ததை உரக்க வாசித்தேன். அப்பா டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துலே" என்றார். வாழ்நாள் வழக்கில் அம்மா ஜெயித்தாள்!

ஜெயித்த களிப்பில் தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தவள் சொன்னாள்: "சாக்கடையில ஊத்துலே இத."