அடுப்புக்கு ஒரு கொள்ளிக்கட்டை

அந்த ரூமில் இருந்தவர்கள்: தாசில்தார். அவர் பக்கத்தில் எங்கள் ஊர் கிராம அதிகாரி. நாற்காலியில் ஊர்ப் பெரியவர், ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர். கதவண்டை போலீஸ் ஏட்டு. ஜன்னலோரம் சங்கத் தலைவர். இருளர் சங்கத்துக்குத் தலைவர், ஆள் இருளர் கிடையாது, டவுன்காரர். அப்புறம் நான், நின்றுகொண்டு.

செஞ்சி தாலுகா ஆபீஸ். எண்பத்தி நாலோ அஞ்சோ, சரியாக நினைப்பு இல்லை. ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை.

நாங்கள் ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தோம். என் நைனா காலத்திலிருந்து அங்கேதான். எலி பிடிப்போம், அறுப்புக்குப் போவோம், தோப்புக் காவல் இருப்போம். கரை ஊருக்கு வேணும் என்றார்கள். ரெண்டு தரம் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு. எங்கள் பக்கம் கையெழுத்துப் போடத் தெரிந்தவன் நான் ஒருத்தன். மூணாவது வரை போயிருக்கிறேன். அதனால் என்னை அனுப்பினார்கள்.

தாசில்தார் காகிதத்தைப் படித்தார். ஒரு மாசத்தில் கரையைக் காலி செய்கிறோம். இனி அதில் எங்களுக்குப் பாத்தியதை இல்லை. பதிலுக்கு மலையடிவாரத்தில் பதினோரு குடும்பத்துக்கு வீட்டு மனை. இப்படிக்கு இருளர் பிரதிநிதி. அதுக்குக் கீழே ஒரு கோடு.

"கரையில இருபத்தேழு அடுப்பு எரியுது, ஐயா" என்றேன்.

"ரேஷன் கார்டு பதினொண்ணுதான் இருக்குது" என்றார் கிராம அதிகாரி.

"இன்னிக்கு இருபத்தேழும்பான், நாளைக்கு நூறும்பான்" என்றார் பெரியவர். "எலி வளை மாதிரி பெருகுது."

கிராம அதிகாரி பதினோரு பேரையும் படித்தார். நாலாவது பேர் என்னுடையது.

தலைவர் பேனாவை என் கையில் வைத்தார். "நான் எல்லாம் பேசிட்டேன்டா. கலெக்டர் வரைக்கும் தெரியும். நீ போடு."

எங்களிடம் ஒரு பழக்கம். பேச ஒருத்தனை அனுப்புவோம். அவன் கேட்டுக்கொண்டு வரலாம், சொல்லிவிட்டு வரலாம். சரி என்று சொல்ல அவனுக்குப் பாத்தியதை கிடையாது. திரும்பி வந்து எல்லா அடுப்பையும் கேட்கணும்.

"என் வாயைத்தான் அனுப்பிச்சாங்க, ஐயா. கைய அனுப்பல."

ஏட்டு சிரித்தார். "கைய வூட்ல கழட்டி வெச்சிட்டு வந்துட்டியாடா? அப்ப அந்தப் பேனாவ எதாலடா புடிச்சினு இருக்க?"

பேனாவை மேசையில் வைத்தேன். 

தாசில்தார் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மூணு மணி. அதுக்குள்ள வரலேன்னா சனிக்கிழமை ஏட்டு வருவார்."

மறுநாள் விடியக்காலம் கூடினோம். கரையில் வேம்புக்கு அடியில் கன்னிமார் கல் ஏழு இருக்குது. அதுக்கு எதிரில்தான் கூடுவது. பொது விஷயம் என்றால் ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் எரிகிற கட்டை ஒன்று வரும். எல்லாம் ஒரே நெருப்பில் சேரும். சம்மதம் இல்லாதவர் தன் கட்டையை உருவிக்கொள்ளலாம். ஒரு கட்டை போனாலும் அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இருபத்தேழும் வந்தது. காகிதத்தில் இருந்ததைச் சொன்னேன்.

எனக்கு அத்தை முறை ஆகிற ஒருத்தி இருந்தாள். புருசன் இல்லை, பிள்ளை இல்லை, கார்டு இல்லை. எங்களில் பாதிப் பேரை வெளியே இழுத்துப் போட்டவள் அவள்தான், மருத்துவச்சி. ஒரு கால் தாங்கித் தாங்கி நடப்பாள்.

"பதினொண்ணுல ஆரு ஆரு?" என்றாள்.

பேரைச் சொன்னேன். சொல்லி நிறுத்தினேன்.

என் பெண்சாதி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "பத்துதான் ஆச்சு. இன்னொண்ணு ஆரு?"

நாலாவது பேரை விட்டிருந்தேன். ஏன் விட்டேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது.

"நான்தான்" என்றேன்.

மச்சான் காறித் துப்பினான். "மாமாவுக்கு அல்லார் பேரும் ஞாபகம் இருக்குது. தன் பேருதான் மறந்து பூடுது. பாவம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அத்தை குனிந்து தன் கட்டையை உருவினாள். மண்ணில் குத்தி அணைத்தாள்.

"போடுன்னு சொல்றேனா, போடாதேன்னு சொல்றேனா, அது அப்புறம்" என்றாள். "உன் பேரு இருக்கற காயிதத்து சேதிய நீயே தூக்கினு வந்து பத்து பேரு சொல்ற. உன் வாயும் வேணாம்."

குடிசைக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள்.

பேச்சு நின்றது. பெரியவர் ஆட்கள் அன்றைக்கே கரையில் முளை அடிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை சாயங்காலம் என் பெண்சாதிதான் சொன்னாள். "வாயும் அனுப்ப வேணாம், கையும் அனுப்ப வேணாம். அவங்கவங்க கட்டைய எடுத்துகினு அல்லாரும் போவலாம். அங்கயே எண்ணிக்கட்டும்."

அத்தையின் படலண்டை போய் நின்று அதைச் சொன்னேன். உள்ளே இருமல் கேட்டது. 

வெள்ளிக்கிழமை ஆடி அமாவாசை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. நாள் குறித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இருக்கிற பஸ் எல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். வந்த ஒரு பஸ்ஸிலும் படியில் தொங்கிக்கொண்டு ஆள். கண்டக்டர் எங்கள் கட்டைகளைப் பார்த்தார். "விறகு லோடு ஏத்த முடியாது. எறங்கு."

நடந்தோம். பிள்ளைகள், கிழடுகள், ஒரு பிள்ளைத்தாச்சி. வெயில் கொளுத்தியது. கோட்டை மலை கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டத்தில் வரவில்லை. ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். அத்தை இல்லை.

போய்ச் சேர்ந்தபோது நாலரை. ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. தலைவர் ஓடி வந்தார்.

"இன்னாடா இது, கூட்டத்தக் கூட்டிகினு வந்திருக்க? என் மானம் போச்சு. அஞ்சு பேர் மட்டும் உள்ள வாங்க."

ஒருத்தரும் உள்ளே போகவில்லை. புளியமரத்தடியில் உட்கார்ந்தோம்.

ஏட்டு எங்கள் கையைப் பார்த்தார். "ஆருக்குடா கொள்ளி வெக்க வந்தீங்க?"

தாசில்தார் படியில் வந்து நின்றார். மூணு மணி என்று சொன்னதை மறுபடி சொன்னார். பஸ் இல்லை, நடந்து வந்தோம் என்றேன். கரி படிந்த கட்டைகளைக் காட்டி என்ன இது என்று கேட்டார்.

"அடுப்புக்கு ஒண்ணு, ஐயா. கார்டு இல்ல. இதுதான் இருக்குது. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கட்டைய வெப்பாங்க. எண்ணி அத்தினி மனைன்னு அந்தக் காயிதத்துல எழுதுங்க. அப்புறம் அல்லாரும் கைநாட்டு வெக்கறோம். ஒருத்தன் மட்டும் வெச்சா செல்லாது."

"பொறுக்கிகினு வந்த கட்டை, ஐயா" என்றார் கிராம அதிகாரி.

"ஒரு கட்டைக்கு ஓர் ஆள் பின்னால நிக்கட்டும்" என்றார் தாசில்தார். "திங்கக்கிழமை நீ கரைக்குப் போய் அடுப்பை எண்ணு. இன்னிக்கு எழுதற நம்பர்ல ஒண்ணு கொறஞ்சாலும் காயிதம் ரத்து. கூடினாலும் ரத்து." கிளார்க்கைக் கூப்பிட்டார்.

ஒவ்வொருத்தராக வைத்தார்கள். என் பெண்சாதி எங்களுடையதை வைத்தாள். கிளார்க் குனிந்து எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"இருபத்தாறு, சார்."

பெரியவர் என்னைப் பார்த்தார். "இருபத்தேழுன்னானே."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். "இருபத்தாறுன்னு எழுதட்டுமா?"

எழுதினால் அத்தைக்கு மனை இல்லை. திங்கக்கிழமை அவள் அடுப்பு எரிந்தால் ஒருத்தருக்கும் இல்லை. அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அத்தை வேணாம் என்று சொன்ன வாய்.

"இருங்க, ஐயா. ஓர் அடுப்பு நடந்து வந்துகினு இருக்குது."

"அஞ்சு மணிக்கு ஜீப் கெளம்பும்."

டிரைவர் வண்டியைக் கிளப்பி வைத்தார். பிள்ளைத்தாச்சி படுத்துவிட்டாள். மச்சான் ரோட்டு வரை போய்ப் பார்த்து வந்து தலையை ஆட்டினான். தாசில்தார் கடிகாரத்தைப் பார்த்தார்.

கேட்டண்டை உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் முதலில் எழுந்தன. கட்டையை ஊன்றிக்கொண்டு அவள் வந்தாள், காலைத் தாங்கித் தாங்கி. என்னைப் பார்க்கவில்லை. ஊன்றி வந்த கட்டையைத்தான் மற்றக் கட்டைகள் மேலே போட்டாள். போட்டதும் நிற்க முடியாமல் படியைப் பிடித்துக்கொண்டாள்.

"உம் பேரக் காப்பாத்தறதுக்கு வரல" என்றாள் என்னிடம். "என்னுதையும் எண்ணச் சொல்லு."

கிளார்க் முதலிலிருந்து எண்ணினார். தாசில்தார் பதினொண்ணை அடித்துவிட்டு மேலே எழுதினார்.

இருபத்தேழு.