பின்பக்கம் யாரும் ஏறக் கூடாது

ஃபிலோமேனா வகுப்பெடுக்கும்போது வெளியே நான் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கிளப்பினால், உடனே வந்து சன்னலைச் சாத்திவிடுவாள். தகரக் கூரை, மத்தியான வெயில், உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் வெந்துபோவார்கள். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. சத்தம் தாங்காமல் சாத்துகிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். சத்தம் தாங்காமல்தான். ஆனால் அது வண்டியின் சத்தம் அல்ல.

எங்கள் தீவில், வைதேலே என்ற ஊரில் இருக்கும் பயிற்சிக் கொட்டகையில் இருவருக்கும் பாகம் பிரித்த வேலை. வண்டி ஆளை எப்படிக் கொல்லும் என்று அவள் உள்ளே சொல்லுவாள். கொல்லாமல் ஓட்டுவது எப்படி என்று நான் முற்றத்தில் காட்டுவேன்.

அவளுடைய அண்ணன் தவிதா, அப்பியா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கியவன். மலை மாதிரி ஆள். அந்தக் கிடங்கில் இருந்தது ஒரே ஒரு வண்டி, அதுவும் சின்னது. முன்னால் நீட்டியிருக்கும் கரங்களில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் பின் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். பாரத்தைக் குறைக்க வேண்டியதுதானே? எங்கள் ஆட்களா குறைப்பார்கள்! "தவிதா, வாடா!" என்று குரல் கொடுப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே வண்டியின் பின்பக்கம் ஏறி நின்று, இரும்பை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டுவான். ஏறிவிட்டேன், தூக்கு என்று அர்த்தம். சக்கரம் தரையில் படியும், எல்லோரும் கைதட்டுவார்கள். உடம்பு பெருத்தவனுக்கு எங்கள் ஊரில் எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதைதான் அவனைத் தின்றது.

ஒருநாள் பாரம் இன்னும் கூடிப்போய், அவன் ஏறி நின்றும் பின்பக்கம் எழும்பியது, முன்னால் இருந்த மூட்டைகள் சரிந்து விழுந்தன. பாரம் போனதும் எழும்பி நின்ற பின்பக்கம் தடாலென்று இறங்கியது. தவிதா தூக்கி எறியப்பட்டான். ஓட்டிக்கொண்டிருந்த ஃபலானிகோ பதறிப்போய் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். பின்னால்தான் தவிதா விழுந்து கிடந்தான்.

மறுநாள் விடியும்போது ஃபலானிகோ தன் சொந்தபந்தங்களோடு ஃபிலோமேனா வீட்டு வாசலுக்கு வந்து, தலைமேல் பாயைப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். செத்தவன் வீட்டார் வந்து பாயை எடுத்தால் மன்னித்தாயிற்று. எடுக்கும்வரை வெயிலோ மழையோ அங்கேயே கிடக்க வேண்டியதுதான். குடும்பத் தலைவரான பெரியப்பா போய் எடுத்தார். இரண்டு வீட்டாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். பாயை எடுத்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. எடுத்தால் பெரியப்பாவின் முகத்தில் துப்பியதுபோல. நல்ல வழக்கம்தான், எத்தனையோ வெட்டுக்குத்தைத் தடுத்திருக்கிறது. ஆனால் அப்போது ஃபிலோமேனா திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு அவள் கடை வேலையை விட்டுவிட்டு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, இங்கே டீச்சராக வந்து சேர்ந்தாள். ஒவ்வொரு வகுப்பிலும் "பின்பக்கம் யாரும் ஏறக் கூடாது" என்று சொல்லுவாள். ஏன் என்று கேட்டால் "விழுந்துடுவீங்க" என்பாள். அதற்குமேல் வாய் திறக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நடந்ததச் சொல்லித் தொலையேம்மா. அப்பதான இவனுங்களுக்கு உறைக்கும்."

"பாய எடுத்தாச்சு அண்ணே."

"அப்புறம் எதுக்குச் சன்னலச் சாத்துற?"

சன்னல் கொக்கியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். "வண்டி கெளம்புனா அவன் தட்டுறது கேக்குது. ரெண்டு தட்டு. அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்காது. அதத்தான் என்னால தாங்க முடியல."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் முதுகு சில்லென்று ஆகிவிடுகிறது.

போன மாதம் உரிமம் இல்லாதவர்கள் வண்டியைத் தொடவே கூடாது என்று கெடுபிடி வந்தது. வகுப்புக்கு வந்தவர்களில் ஃபலானிகோவும் ஒருவன். தவிதா செத்த பிறகு அவன் வண்டிப் பக்கமே போகாமல் மூட்டை சுமந்திருக்கிறான். இடுப்பு விட்டுப்போயிற்று. இனி ஓட்டினால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கடைசி வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். ஜெபம் முடிந்ததும் ஃபிலோமேனா பெயர்களைக் கூப்பிட்டாள். அவன் பெயரையும் கூப்பிட்டாள். குரல் மாறவில்லை.

பாதி வகுப்பில் அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "பாரம் கூடிப்போச்சு, பின் சக்கரம் தூக்குது. என்ன பண்ணுவீங்க?"

முன் வரிசையில் செமிசி என்று ஒரு தடியன். நாற்காலியே அவனுக்குப் போதவில்லை. "என்னக் கூப்பிடுவாங்க டீச்சர்! எங்க கிடங்குல அதுக்குத்தான் எனக்குச் சோறே போடுறாங்க!" என்று மேசையை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான்.

வகுப்பே சிரித்தது. "அவன் ஏறுனா வண்டி அழும்டா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

ஃபிலோமேனாவின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "ஏறக் கூடாது" என்றாள்.

"ஏன் டீச்சர்? தெனமும்தான் ஏறுறேன். என்ன ஆயிடுச்சு?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் நாளைக்கும் ஏறுவான், இவளால் சொல்லவும் முடியாது.

அப்போது ஃபலானிகோ எழுந்தான். மூலையில் சுருட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பாயை எடுத்தான். டின் மீன் எண்ணெய்க் கறை படிந்த சாதாரணப் பாய். அதை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, ஃபிலோமேனாவின் காலடியில் உட்கார்ந்து, தலைமேல் போர்த்திக்கொண்டான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"டேய், அது முடிஞ்சுபோன விஷயம்டா" என்றேன் நான்.

"பாய எடுத்தது அவங்க பெரியப்பா அண்ணே" என்று பாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "டீச்சர் எடுக்கல."

பாய் தலைக்கு வந்துவிட்டால் விஷயம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். முடியாத விஷயத்தைப் பேசலாம். அது எனக்கு உறைப்பதற்குள் ஃபிலோமேனா பேசத் தொடங்கிவிட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். தவிதா எப்படிச் சிரிப்பான், எங்கே தட்டுவான், மூட்டை எப்படிச் சரிந்தது. சவப்பெட்டியை அவன் அளவுக்குத் தனியாகச் செய்ய வேண்டியிருந்ததையும் சொன்னாள். செமிசி மேசைமேல் இருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பாய் குலுங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் பாயைப் பார்த்துக் கேட்டாள். "பாரம் கூடிப்போச்சு. பின் சக்கரம் தூக்குது. என்ன பண்ணுவ?"

"எறக்கிருவேன். பாதிய எடுத்துட்டு ரெண்டு நடையாத் தூக்குவேன்."

"சத்தமாச் சொல்லு. செமிசிக்குக் கேக்கல."

இன்னொரு முறை சொன்னான். அவள் குனிந்து பாயை எடுத்து, மடித்து, மூலையில் வைத்தாள். "போய் உக்காரு. நாளைக்குப் பரீட்சை இருக்கு" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு நான் முற்றத்தில் வண்டியைக் கிளப்பினேன். சன்னல் திறந்தே கிடந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போனேன்.

"என்னம்மா, கேக்கலையா?"

"கேக்குது அண்ணே" என்றாள். "கேக்கட்டும். நீங்க ஓட்டுங்க."