பாடி வேலை

எனக்கு இங்கிலீஷ் சொற்கள் மீது பகை ஒன்றும் கிடையாது. கடலூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நாள் முழுக்க அவற்றோடுதான் குடித்தனம். ஆனால் ‘பாடி’ என்ற சொல்லை மட்டும் வீட்டில் என் எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாமல் யாராவது சொல்லிவிட்டால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பட்டறையில் அந்தச் சொல்லுக்குக் காரின் வெளித்தகடு, கதவு, கூரை எல்லாம் சேர்ந்த கூடு என்று பொருள். ஆஸ்பத்திரியில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அது பட்டறையிலிருந்துதான் வந்தது.

கார் என்னுடையது. வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். பஸ்ஸில் நின்றபடி போய் வந்து முழங்கால் தேய்ந்த பிறகு வாங்கினேன். அதே தெருவில் நாலு வீடு தள்ளித் தம்பி இருந்தான். ஆர்.சி. புத்தகத்தில்தான் என் பெயர். சாவி பாதி நாள் அவன் பாக்கெட்டில் இருக்கும். “அக்கா, சும்மா நின்னா பேட்டரி எறங்கிடும்” என்பான். என் காரின் உடல்நலத்தில் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

தை மாத முகூர்த்தம் ஒன்றில் அவனுடைய சிநேகிதனுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். காரை எடுத்துக்கொண்டு போனான். சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி, இன்னொரு சிநேகிதனை மேல்பட்டாம்பாக்கத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய்ந்து மசங்கல் நேரம். ரோட்டோரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று டயர் போய் நின்றிருக்கிறது. பின்னால் விளக்கில்லை, ஒரு சிவப்புத் துணிகூட இல்லை. இவன் அதன் டிரெய்லரில் போய் மோதினான். காரின் இடப்பக்கம் முழுக்க உள்ளே போய்விட்டது. தம்பிக்குத் தலையில் அடி, இடது தொடை எலும்பு முறிவு. கடலூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவன் கண் திறக்காமல் கிடந்த நாட்களில் எனக்கு வந்த போன்களில் பாதி காரைப் பற்றியவை. இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தேன் ஒழுகப் பேசுவாள். “வண்டிய எந்த ஒர்க்‌ஷாப்ல விடப் போறீங்கன்னு சொன்னாதான் மேடம் சேதம் பாக்க சர்வேயர் வருவாரு.” ஆள் பிழைப்பானா என்றே தெரியாதபோது ஒர்க்‌ஷாப்பாவது ஒன்றாவது! “கெடில ஆத்துல தள்ளிவிடப் போறேன், அங்க வரச் சொல்லு” என்று வைத்துவிட்டேன். மறுநாளும் அதே தேன் ஒழுகக் கூப்பிட்டாள். அவளுக்கு அது வேலை, என்ன செய்வாள்.

பிறகு ஒருநாள் தம்பி கண்ணைத் திறந்தான். என்னை அடையாளம் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, “அக்கா, வண்டி?” நான் அழுதுகொண்டே, “கீறல்தாண்டா, வேற ஒண்ணுமில்ல” என்றேன். அவன் நம்பவில்லை. மோதினவனுக்குத் தெரியாதா? “சரிபண்ணிடு. நான் ஆம்புலன்ஸ்ல எல்லாம் வர மாட்டேன். நம்ம வண்டியிலதான் வீட்டுக்கு வருவேன்” என்றான். அவன் மனைவி பக்கத்தில் நின்று அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “சரிங்க, அதுலயே போலாம்” என்றாள். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் கார் வேறு, அவன் வேறு இல்லை என்று ஆகிவிட்டது. கார் எழுந்தால் அவனும் எழுவான் என்ற கிறுக்கு நம்பிக்கை. அப்போதுதான் பட்டறை தேட ஆரம்பித்தேன்.

சிதம்பரம் புறவழிச் சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஒருவர் நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்துவந்தார். செல்போனில் நான் காட்டிய படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். “டிங்கரிங் பாத்து, பள்ளத்துக்கு பட்டி வெச்சி அடச்சி, பெயிண்டும் நானே அடிச்சிக் குடுத்துர்றேங்க்கா. கம்பெனியில விட்டா கதவத் தட்ட மாட்டான், கழட்டி எறிஞ்சிட்டு புதுசு மாட்டுவான்” என்றார். எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, கொட்டகையில் கதவில்லாமலும் மூக்கில்லாமலும் நின்ற கார்களைக் கையால் காட்டினார். “இதெல்லாம் போவணும். அதுக்கப்பறம்தான் உங்களுது.” பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த என் தாய்மாமா அவர் பக்கம். “தெரிஞ்ச ஆளும்மா, கண்ணு முன்னால வேல நடக்கும்” என்றார். தாமதம்தான் எனக்கு உதைத்தது. தம்பிக்கு முன்னால் கார் எழுந்து நின்றாக வேண்டும்.

இன்னொன்று கடலூரில் இருந்த கம்பெனி ஒர்க்‌ஷாப். சிதம்பரத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ்காரர்களோடு அவர்களே பேசிக்கொள்வார்கள். ஏ.சி. அறை, காப்பி மெஷின், முகப்பில் ‘பாடி ஷாப்’ என்று ஆள் உயர எழுத்து. கழுத்தில் டை கட்டிய அட்வைசர் ஒருவர் என்னை உட்கார வைத்து, “பாடி வேலைக்கு நம்மள அடிச்சிக்க ஆளில்ல மேடம்” என்றார். அப்போது அந்தச் சொல் என் காதில் உறைக்கவில்லை. அங்கேயே விடுவதாகச் சொன்னேன். உங்கள் நம்பர் கிடைக்காவிட்டால் கூப்பிட இன்னொரு நம்பர் கொடுங்கள் என்றார். தம்பி மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். அவளும் நானும்தானே காருக்குக் காத்திருந்தோம்.

மோதின இடத்தின் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து காரை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போன அன்று, பகலெல்லாம் நான் தம்பியோடு இருந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் போனை அணைக்கச் சொல்வார்கள். வெளியே வந்து மறுபடி போடப் பார்த்தால் சார்ஜ் இல்லை. என் வீட்டுக்காரரைத் துணைக்கு விட்டுவிட்டு பஸ் ஏறினேன். ஊருக்குள் வந்து தெருமுனை திரும்பும்போது மூங்கில் கழிகள் இறங்கிக்கொண்டிருந்தன. தம்பி வீட்டு வாசலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாமா கையில் ரோஜா மாலை. உள்ளேயிருந்து ஒப்பாரிச் சத்தம்.

மத்தியானம் நான் ஊட்டிய இட்லியை மென்று தின்றவன். நான் பஸ்ஸில் தூங்கி வழிந்த நேரத்தில் போய்விட்டானா? எனக்கு முன்னால் சேதி வந்து, சாமியானாவும் வந்துவிட்டதா? மாமா என்னைப் பார்த்ததும் மாலையைக் கீழே போட்டுவிட்டு வாயில் அடித்துக்கொண்டார்.

நான் யாரிடமோ போனைப் பிடுங்கி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். “என்னா? இப்பத்தான் பால் குடிச்சிட்டுப் படுத்தான்” என்றார் அவர். இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் பால்தான் குடித்திருந்தான். உள்ளே போனால், தம்பி மனைவி சுவரோரம் சுருண்டு கிடந்தாள். அவளை உலுக்கி உட்கார வைத்து யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். விக்கி விக்கிச் சொன்னாள்.

“ஒரு ஆளு பேசனாரு அண்ணி. எங்கேருந்துன்னு இங்கிலீஷ்ல வேகமா சொன்னாரு, புரியல. பாடி டேமேஜ் ஜாஸ்தியா இருக்கு, பாடிய பிரிச்சிப் பாத்தாதான் உள்ள என்னான்னு தெரியும், பிரிக்கணும்னா வீட்டுக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும்னாரு. ஒங்க போனுக்கும் அண்ணன் போனுக்கும் மாத்தி மாத்திப் போட்டேன், போவவேயில்ல.”

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். “பாடி ஷாப், சொல்லுங்க” என்றார் டை கட்டியவர். அதற்குப் பிறகு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. சிதம்பரத்துக் கொட்டகைக்காரராக இருந்திருந்தால் ‘டிங்கரிங்’ என்று சொல்லியிருப்பார். டிங்கரிங் என்ற சொல்லுக்கு யாரும் சாமியானா போட மாட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அழுதுகொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். தம்பி மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வந்த கோபம் அடங்கவேயில்லை. மாமாதான் சமாதானம் சொன்னார். “தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சுன்னு நெனச்சிக்கம்மா. உயிரோட இருக்கறவன செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அவன் நூறு வருசம் இருப்பான் பாரு.” அந்த வார்த்தை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மூங்கிலை ஏற்றிக்கொண்டு போனவன்கூட அதையே சொன்னான். மாலையை மாமா சாமி படத்துக்குப் போட்டார்.

உண்மையில் அதன் பிறகு தம்பி தேறிவந்தான். சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். தொடையில் கம்பி வைத்தார்கள். சாமியானா கதையைச் சொன்னபோது தலையில் தையல் வலிக்கச் சிரித்தான். “எனக்கு எத்தன சேரு போட்டாங்க? மாமா மால நல்லதா வாங்குனாரா?” என்று கேட்டான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் மனைவி, “ஒங்களுக்கும் பட்டி பாத்துட்டாங்க, இனி பெயிண்ட்தான் பாக்கி” என்று அவன் தையலைத் தொட்டுப் பார்த்தாள்.

காரைக் கவனிப்பதை அவளே எடுத்துக்கொண்டாள். என்னிடம் திட்டு வாங்கிய அட்வைசர் அதற்கப்புறம் என்னைக் கூப்பிடவே பயந்து அவளையே கூப்பிட்டார். ஆனால் பழகின நாக்கு மாறுமா? “பாடி தட்டியாச்சு மேடம்”, “பாடிக்குப் பிரைமர் அடிச்சாச்சு”, “பாடி காயுது” என்றுதான் அவருக்கு வந்தது. ‘வண்டி’ என்று சொல்லச் சொல்லி நான் சத்தம் போட்டதாக அவளிடம் முறையிட்டாராம். அவள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவளை ஒரு பகல் முழுக்கக் கொன்ற அந்தச் சொல்லை இப்போது நாய்க்குட்டி மாதிரி வளர்த்தாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தால், “அண்ணி, இன்னிக்கு நம்ம பாடி நல்லா இருக்காம்” என்பாள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவள் சிரிப்பைப் பார்த்து விட்டுவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விட்டுவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஒர்க்‌ஷாப்பிலும் அதற்குள் முடிந்துவிடும் என்றார்கள். தம்பி மனைவி வீட்டை ஒழித்துக் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டாள். திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் வாங்கி வைத்தாள், அவனுக்கும் காருக்கும் சேர்த்து ஒன்று.

வியாழக்கிழமை காலையில் நான் வார்டில் இருந்தேன். பல் தேய்த்துவிட்டு, முகம் துடைத்துவிட்டேன். காப்பி வாங்க என் வீட்டுக்காரர் கீழே போயிருந்தார். தம்பி திடீரென்று, “அக்கா, மூச்சு” என்றான். அவ்வளவுதான் சொன்னான். நர்ஸ் ஓடி வந்தார், டாக்டர் வந்தார், என்னைத் திரைக்கு வெளியே தள்ளினார்கள். காலில் கட்டிய ரத்தம் நுரையீரலை அடைத்துவிட்டது, இப்படி ஆவதுண்டு என்று பிறகு சொன்னார்கள். ஆவதுண்டு! காப்பியோடு வந்த என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் நின்றார்.

ஊருக்குப் போன் பண்ணப் போனவரை நான் தடுத்தேன். “போன்ல ஒரு சேதியும் போவக் கூடாது. ஒரு தடவ பட்டது போதும். நான் நேர்ல போயி அவ கையப் புடிச்சிக்கிட்டு சொல்றேன்” என்றேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அவளைத் தரையில் சுருண்டு கிடந்த கோலத்தில் ஒருமுறை பார்த்தவள் நான். இந்தத் தடவை அவள் விழும்போது தாங்க நான் பக்கத்தில் இருக்க வேண்டும். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

விபத்துக் கேஸ் என்பதால் போலீஸ் வந்து எழுதி, பிரேதப் பரிசோதனை முடிந்த பிறகுதான் தருவார்கள். அது முடிந்ததும் நான் முன்னால் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் பேசப் போனார். நான் போலீஸ்காரர் நீட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சவக்கிடங்குக்கு வந்தேன். வாசலில் இருந்த ஊழியர், கையில் போனோடு, எரிச்சலாக நின்றிருந்தார். தம்பி பெயரைச் சொல்லி, நீங்கள் யார் என்று கேட்டார். அக்கா என்றேன்.

“ஆளு யாரையும் காணமேன்னு சீட்டுல இருந்த நம்பருக்கு இப்பத்தாம்மா போன் போட்டேன். பாடி ரெடியா இருக்கு, எப்ப எடுத்துக்கறீங்கன்னு கேட்டேன். ஒரு அம்மா எடுத்துது.”

சேர்க்கும்போது மனைவி என்று அவள் நம்பரைத்தான் எழுதியிருந்தோம்.

“அந்தம்மா என்னாம்மா, சிரிச்சிக்கிட்டே பேசுது? ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறோம், நல்லா கழுவித் தொடச்சி வைங்க, அதுவரைக்கும் வெயில்ல மட்டும் போட்டுடாதீங்கன்னு சொல்லுது. ஞாயித்துக்கெழம வரைக்கும் எல்லாம் வெச்சிருக்க முடியாதும்மா. செத்தது யாருன்னு தெரிஞ்சிதான் பேசுதா அது?”

“தெரியாது” என்றேன். “இன்னிக்கே எடுத்துக்கறோம்.”

அவர் நோட்டைத் திருப்பி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.