வலிக்காத கட்டி

ஈரப் புற்றுமண் கழுத்தில் பட்டதும் சில்லென்றிருக்கும். காயக் காயத் தோலை இழுத்துப் பிடித்து, திரும்பினால் பொடிப்பொடியாகச் சட்டைக்குள் உதிரும். பதினொரு வயதில் என் இடப்பக்கக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. சங்கரன்கோவிலில் எந்தக் கட்டிக்கும் முதல் மனு கோமதியம்மன் சன்னதிப் புற்றுமண்ணுக்குத்தான். அடுத்து, "நெறிகட்டு" என்று வெந்நீர் ஒத்தடம்; அதற்கடுத்து, "கண்டமாலை" என்று காசநோய் மாத்திரை. தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவன் சொல்கிறேன்: கோப்பு மேசை மாறியதே தவிர, யாரும் திறந்து பார்க்கவில்லை.

"ஏலே, புளியங்குடி எலுமிச்சம்பழத்தக் கழுத்துலயா வச்சு விக்கே?" என்பார் மாமா.

"பிள்ளைக்கு ஒரு வலியும் கெடையாது, நீ சும்மா இருல" என்று அம்மா தன் தம்பியை அடக்குவாள். வலியில்லை என்பதே எங்கள் வீட்டின் ஆறுதல். வலிக்காமல் ரப்பர்போல வளரும் கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது.

நான் மெலிந்து, இரவெல்லாம் வியர்த்துப் பாய் நனைந்த பிறகு மாமாதான் எங்களை மதுரைக்கு அழைத்துப்போனார். "மொதல்ல இந்த மண்ணக் கழுவிட்டு வாங்க" என்ற டாக்டர், கட்டியில் ஒரு துண்டை வெட்டிச் சோதித்துவிட்டு, நிணநீர்க் கணுக்களில் வரும் ஹாட்ஜ்கின் என்னும் கேன்சர் என்றார்.

"எம்பிள்ள பொழச்சிருவானாய்யா?"

"மருந்துக்கு நல்லாக் கேக்குற வியாதிம்மா. எங்கெல்லாம் பரவியிருக்குன்னு பாக்கணும்."

அன்று பார்ப்பதென்றால் வயிற்றைத் திறந்து பார்ப்பது. நீளமாகக் கீறி, மண்ணீரலை எடுத்து, ஈரலில் கொஞ்சம் கிள்ளி, உள்ளே ஒன்றுமில்லை என்று தைத்து மூடினார்கள். பிறகு கோபால்ட் கதிர், ஊசி, வாந்தி, மொட்டைத்தலை. ஒருநாள் அம்மா என் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "ஒண்ணையும் காணுமே" என்று அழுதாள்.

"காணலன்னா எதுக்குக்கா அழுதே?" என்ற மாமாவும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை வருடம் கழித்து, எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு, இதே நோய்க்கு மருந்து முடித்து இப்போதுதான் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறாள். தோளில் துண்டோடு செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த என் வயிற்றில் இருந்த தழும்பைப் பார்த்து, "என்ன தாத்தா, தண்டவாளம் மாதிரி?" என்றாள்.

"உள்ள பரவியிருக்கான்னு பாத்த எடம்."

"அதுக்குப் போயி கிழிச்சாங்களா? என்னைய ஸ்கேன்ல படுக்க வச்சே பாத்துட்டாங்க."

"அப்பம் அந்த மெஷின் வரல, மக்கா."

மறைந்துபோனவற்றுக்காக ஏங்குவது இப்படிப் பழசை நினைத்து எழுதும் கட்டுரைகளின் நடைமுறை. குழந்தைகளின் வயிற்றைத் திறந்து பார்த்த அந்த அறுவை மறைந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அதை எப்படிச் செய்தார்கள் என்று அவளுக்கு முறைப்படி விளக்கத் தொடங்கினேன். தெருமுனையில் பள்ளி வேன் ஹாரன் அடித்தது.

"சாயந்தரம் சொல்லுங்க தாத்தா!" என்று ஓடினாள்.

சாயங்காலம் வரவில்லை. கோகோ ஆடப் போய்விட்டாளாம்.